தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைக் கேட்டவுடன், அவர் முதன்முதலாகச் சாதித்தவற்றின் நீண்ட வரிசையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் சேர்ந்த மாணவி, சட்டசபையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர், தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வேண்டிய போராளி என அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இவ்வரிசையிலேயே செல்லும். அவையனைத்தும் உண்மையே. ஆயினும் அவரது உள்ளத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆறாமல் இருந்த துயரம் ஒன்று உண்டு. சென்னை அடையாற்றில் இன்றும் இயங்கிவரும் புற்றுநோய் நிறுவனம் அத்துயரத்திலிருந்து பிறந்தது. அதனை அறிந்தால்தான் அவரது பிற்கால வாழ்வை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலும்.

புதுக்கோட்டைச் சிறுமி

புதுக்கோட்டை அந்நாளில் மன்னராட்சிக்கு உட்பட்ட தனிச் சமஸ்தானம். அங்கே 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். இருவேறு குலத்தாரின் இந்த இணைவை நாராயணசாமியின் உறவினர் ஏற்கவில்லை; அவரைத் தங்களிடமிருந்து விலக்கிவைத்தனர். பிறப்பைக் காரணம் காட்டி மனிதரைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை முத்துலட்சுமி தம் வீட்டு வாசலிலேயே கண்டு வளர்ந்தார்.

பெண்கள் பருவம் எய்தியவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது அக்காலத்து வழக்கம். முத்துலட்சுமியும் பள்ளியை விட்டு நிற்க நேர்ந்தது. ஆனால் தந்தை கல்வியை நிறுத்தவில்லை. வீட்டிலேயே பயில ஏற்பாடு செய்தார். 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் முத்துலட்சுமி வெற்றி பெற்றார். அடுத்துக் கல்லூரிப் படிப்பு. மகாராஜா கல்லூரியில் பெண்கள் பயின்றதில்லை. ஒரு மாணவியைச் சேர்த்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவர் சேர்வதற்கு இசைவளித்தார்.

1907ஆம் ஆண்டு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஐந்தாண்டுப் படிப்பில் பல பரிசுகளையும் பதக்கங்களையும் பெற்று, 1912இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னையின் அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் உறைவிட அறுவை மருத்துவராகப் பணியேற்றார். அப்பணியில் அமர்ந்த முதல் பெண் அவரே. 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிக்குத் தடையாக இருத்தல் கூடாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அவர் அம்மணத்திற்கு இசைந்தார். கணவரும் அதனை இறுதிவரை காத்தார். இவ்விணையருக்கு இரண்டு மகன்கள் பிறந்தனர்.

அக்காலத்துப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் தம் உடலைக் காட்ட நாணினர். மார்பிலோ கருப்பையிலோ ஏதேனும் குறை தோன்றினால் கணவரிடமும் தாயிடமும்கூட அதனைச் சொல்லத் தயங்கினர். கைவைத்தியம் பார்த்து, வேண்டுதல் செய்து, வலி தாங்க முடியாத நிலை வந்த பின்னரே மருத்துவமனையின் படியேறினர். பெண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்னும் செய்தியே பலருக்கு முதன்முறையாக வாய் திறக்கும் துணிவைத் தந்தது. முத்துலட்சுமி அம்மையாரை நாடிப் பெண்கள் பெருகி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சீதபேதி எனக் கருதப்பட்ட நோய்

முத்துலட்சுமியின் தங்கையருள் ஒருவர் இளம் வயதிலேயே நோயுற்றார். மலத்தோடு குருதி போகலாயிற்று. சீதபேதி அக்காலத்தில் வீடுதோறும் காணப்பட்ட நோய். தூய்மையற்ற நீரால் பரவிய அந்நோய்க்கும் இதே அறிகுறிதான். ஆகவே தங்கைக்கு வந்திருப்பது சீதபேதியே என்று கருதி, அதற்குரிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. நாள்கள் சென்றன, நோய் தணியவில்லை. உடல் மெலிந்தது. உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. மலக்குடலில் தோன்றிய புற்று முற்றிப் பரவியிருந்தது. 1923ஆம் ஆண்டு அத்தங்கை இறந்தார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்தவர் மருத்துவ உதவி கிட்டாத ஏதோவொரு சிற்றூரில் வாழ்ந்தவர் அல்லர். அவருடைய அக்காள் பட்டம் பெற்ற மருத்துவர். அக்காளின் கணவரும் மருத்துவர். சென்னையின் பெரிய மருத்துவமனைகள் அருகிலேயே இருந்தன. அத்தனை இருந்தும் நோய் தன் உண்மையான பெயரோடு அறியப்படவில்லை. மலக்குடலில் தோன்றும் புற்றைப் பல வேளைகளில் மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்தே ஐயுற முடியும். அதற்கு அரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் ஐயம் தோன்ற வேண்டும். இளம்பெண்ணுக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்னும் எண்ணமே எவருக்கும் எழாத காலம் அது.

மருத்துவர்களாக இருந்தும் வீட்டில் உள்ளோரைக் காக்க இயலாமற்போன துயரம் எளிதில் ஆறுவதன்று. தங்கையின் மரணம் முத்துலட்சுமியை இருவகையில் மாற்றியது. புற்றுநோயைப் பற்றி அறிய வேண்டும் என்னும் தேடல் அவருக்குள் எழுந்தது ஒன்று. அந்நோய்க்கெனத் தனியே ஒரு மருத்துவமனை சென்னையில் அமைய வேண்டும் என்னும் உறுதி மற்றொன்று.

இலண்டனும் சட்டசபையும்

1925ஆம் ஆண்டு மேற்பயிற்சிக்காக அவர் இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நோய்களைக் கற்பதே பயணத்தின் நோக்கம். எனினும் இலண்டனில் இருந்த புற்றுநோய் மருத்துவமனையையும் அவர் தேடிச் சென்று கண்டார். எக்ஸ் கதிர் 1895இலும் ரேடியம் 1898இலும் கண்டறியப்பட்டிருந்தன. அறுவையோடு இக்கதிர்களையும் பயன்படுத்தி அங்கே மருத்துவம் நடைபெற்றது. தொடக்க நிலையிலேயே வந்த நோயாளிகள் குணமடைந்து வீடு திரும்புவதும் அங்கே நிகழ்ந்தது. புற்றுநோய் என்றாலே மரணம் என்று கேட்டுப் பழகியவருக்கு இது புதிய உண்மை. 1926இல் பாரிசில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட பின் அவர் தாயகம் திரும்பினார்.

திரும்பியவுடன் மருத்துவமனைப் பணியில் முழுமையாக இறங்க அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. பெண்கள் அமைப்புகளின் வேண்டுகோளை ஏற்று, 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் உறுப்பினரானார். துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கவும் பட்டார். அவர் அங்கே ஆற்றிய பணிகளுள் தேவதாசி முறை ஒழிப்புக்கான முயற்சியே பெரிதும் பேசப்படுகிறது. அது தனியே ஒரு பாடமாக எழுதத்தக்கது. அவ்வளவு பேசப்படாத மற்றொரு பணியும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

நோயுற்ற பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைப் பெற்றோர் அறிவர். நன்றாக ஓடியாடும் பிள்ளையை எதற்காகப் பரிசோதிக்க வேண்டும் என்பதே அன்றைய கேள்வி. கண் பார்வை மங்குவதைப் பிள்ளை தானே உணர்வதில்லை. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொள்ளும். குருதிச் சோகையும் அவ்வாறே மெல்ல வரும். நோயாளி உணர்வதற்கு முன்பே நோயைத் தேடிச் சென்று காண்பதுதான் இப்பரிசோதனையின் பொருள். பின்னாளில் புற்றுநோய்த் துறையில் முற்கூட்டிய பரிசோதனை என்று வழங்கப்பட்டதும் இதே முறையாகும். தங்கையின் படுக்கையருகே கற்ற பாடத்தை அவர் பள்ளிப் பிள்ளைகளின் நலனுக்குப் பயன்படுத்தினார் என்று கொள்வதில் தவறில்லை.

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் சட்டசபைப் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காகவும் சிறுமியருக்காகவும் அவ்வை இல்லத்தை நிறுவி, அதனை வளர்ப்பதில் பல ஆண்டுகள் உழைத்தார்.

வராத நோயாளியும் வாராத நிதியும்

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. தாம் பயின்ற கல்லூரியின் அவ்விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை நிறுவப் போவதாக அம்மையார் வெளிப்படையாக அறிவித்தார். தங்கை இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அறிவிப்பிலிருந்து மருத்துவமனை திறக்கப்படுவதற்கு மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

இத்தனை காலம் ஏன் ஆயிற்று? உலகப்போர் ஒரு காரணம். பணமின்மை மற்றொரு காரணம். ஆனால் பெருந்தடையாக நின்றது மக்களிடையே ஊறியிருந்த ஓர் எண்ணம். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகிறவர். அவர்களுக்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்று பலர் கருதினர். ஆட்சிப் பொறுப்பில் இருந்தோரிடமும் இவ்வெண்ணம் காணப்பட்டது. காசநோய், மலேரியா, அம்மை என்று ஆயிரக்கணக்கானோரைக் கொல்லும் தொற்றுநோய்கள் நாட்டில் இருந்தபோது, குணமாகாத நோய்க்குப் பொருளைச் செலவிடுவது வீண் என்று வாதிட்டனர். அவர்களை முற்றிலும் குறைகூறவும் இயலாது. அவர்கள் கண்ட நோயாளிகள் அனைவரும் உண்மையாகவே இறந்தனர்.

இங்கேதான் ஒரு வட்டம் அமைந்திருந்தது. நோயாளிகள் மிகவும் காலந்தாழ்த்தி வந்தனர், ஆதலால் இறந்தனர். வந்தவர்கள் இறந்தமையால் புற்றுநோய்க்கு மருந்தில்லை என்னும் நம்பிக்கை வலுத்தது. மருந்தில்லை என்று நம்பியமையால் மற்றவர்களும் காலந்தாழ்த்தினர். இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும். மருத்துவமனை ஒன்று எழுந்து, குணமடைந்த நோயாளிகள் தத்தம் ஊருக்குத் திரும்பிச் சென்றால்தான் அது உடையும் என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார்.

பம்பாயில் 1941ஆம் ஆண்டு டாட்டா நினைவு மருத்துவமனையும், கல்கத்தாவில் 1950ஆம் ஆண்டு சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையும் தொடங்கப்பெற்றன. தென்னிந்தியாவின் நோயாளிகளுக்கு அவ்வூர்கள் நெடுந்தொலைவில் இருந்தன. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை அம்மையார் தொடங்கினார். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. மற்றவர் ஓய்வு நாடும் பருவத்தில் அவர் நன்கொடை நாடிப் புறப்பட்டார். செல்வரையும் சந்தித்தார், எளியவரையும் வேண்டினார். சிறுதொகை, பெருந்தொகை என்று வேறுபாடு பார்க்கவில்லை.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. பெரிய கட்டடம் எதுவும் எழுந்துவிடவில்லை. பன்னிரண்டு படுக்கைகளைக் கொண்ட சிறிய இல்லம் அது. அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பிய அம்மையாரின் மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே மருத்துவராகப் பொறுப்பேற்றார். 1955இல் சாந்தா என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். நல்ல ஊதியம் தரும் அரசுப் பணி கிடைத்தும் அதனை விடுத்து, அவர் மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். ஏழைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது தொடக்கத்திலேயே நெறியாயிற்று. 1957இல் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் கோபால்ட் கருவி அதுவே. 1956இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

கருவி வந்தது; மருத்துவர்களும் இருந்தனர். ஆயினும் நோயாளிகள் முன்போலவே முற்றிய நிலையில்தான் வந்தனர்.

வலிக்காத கட்டி

பெண்களை வருத்தும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும் முதன்மையானவை. மார்பகப் புற்றின் இயல்பை நோக்கினால், மக்கள் ஏன் காலந்தாழ்த்துகின்றனர் என்பது விளங்கும். மனிதரை மருத்துவரிடம் அனுப்புவது பெரும்பாலும் வலியே. பல் வலித்தால் அன்றே ஓடுவர். மார்பகத்தில் தோன்றும் புற்றுக் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத கட்டியால் தீங்கில்லை என்று பெண் எண்ணிக்கொள்கிறாள். குழந்தைக்குப் பாலூட்டிய காலத்துப் பால்கட்டு என்றோ, எங்கோ இடித்துக்கொண்டதன் வீக்கம் என்றோ தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொள்கிறாள். நாணமும் அச்சமும் அந்த விளக்கத்திற்குத் துணைநிற்கின்றன. தங்கையின் நோய்க்குச் சீதபேதி என்ற பெயர் கிடைத்தது போலவே இங்கும் ஏதேனும் ஓர் எளிய பெயர் கிடைத்துவிடுகிறது.

விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கக்கூடும் என்பர். அந்த அளவை எட்டுவதற்குள் பெரும்பாலும் ஆண்டுகள் பல கழிந்திருக்கும். ஆகவே கையில் தட்டுப்பட்ட பின்னரும் திங்கள் கணக்கில் பொறுத்திருப்பது, ஏற்கெனவே தொலைத்த காலத்தோடு மேலும் காலத்தைத் தொலைப்பதாகும். கட்டி மார்பகத்தின் அளவில் நிற்கும்போது குணமடையும் வாய்ப்பு மிக அதிகம். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவினால் அவ்வாய்ப்புக் குறைகிறது. எலும்பு, நுரையீரல், கல்லீரல் முதலிய உறுப்புகளை எட்டிவிட்டால் நோயைக் கட்டுப்படுத்தலாமே தவிர, முற்றிலும் நீக்குவது அரிது. தொடக்க நிலையில் வருவோருக்கு மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் நீக்கும் அறுவையும் பிற்காலத்தில் இயல்வதாயிற்று.

கட்டி மட்டுமே அடையாளம் அன்று. மார்பகத் தோலில் குழி விழுதல், தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல், காம்பு புதிதாக உள்வாங்குதல், காம்பிலிருந்து குருதி கலந்த நீர் கசிதல், ஒரு மார்பகத்தின் வடிவம் மாறுதல் ஆகியவையும் மருத்துவரிடம் உடனே காட்டத்தக்கவை. இவற்றோடு ஓர் ஆறுதலையும் சொல்லியாக வேண்டும். மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. அவை எவை என்பதைத் தொட்டுப் பார்த்தும், ஊடுகதிர்ப் படம் எடுத்தும், ஊசியால் சிறிதளவு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தும் மருத்துவர்தான் உறுதிசெய்ய இயலும்.

மார்பகத்தை ஊடுகதிரால் படம்பிடிக்கும் முயற்சி 1913ஆம் ஆண்டிலேயே பெர்லினில் தொடங்கிவிட்டது. சாலமன் என்னும் அறுவை மருத்துவர், அகற்றப்பட்ட மார்பகங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். உடல் நலத்தோடு இருக்கும் பெண்களுக்கே அப்படத்தை எடுத்துப் பார்த்தால் உயிர்கள் காக்கப்படுமா என்னும் ஆய்வு, 1963இல்தான் நியூயார்க் நகரில் தொடங்கியது. நாற்பது முதல் அறுபத்து நான்கு வயது வரையுள்ள ஏறத்தாழ அறுபதாயிரம் பெண்கள் இரு குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். அவ்வாய்வை நடத்தியவர்களுள் ஒருவர் ஸ்டிராக்ஸ் என்னும் கதிரியல் மருத்துவர். அவர் தம் மனைவியை மார்பகப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அடையாற்றில் தங்கையை இழந்த மருத்துவர் ஒருவர். நியூயார்க்கில் மனைவியை இழந்த மருத்துவர் ஒருவர். இருவரின் உழைப்பும் ஒரே திசையில் சென்றது. பரிசோதிக்கப்பட்ட குழுவினரிடையே மார்பகப் புற்றால் நேர்ந்த இறப்பு, பத்தாண்டுகளில் மற்றக் குழுவினரைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

பின்வந்த காலம்

அவ்வாய்வின் முடிவுகளை அறிய முத்துலட்சுமி அம்மையார் இருக்கவில்லை. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், தம் எண்பத்து இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு எட்டு நாள்கள் இருக்கையில், அவர் சென்னையில் காலமானார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இல்லம் அதற்குள் பெரிய மருத்துவமனையாக வளர்ந்துவிட்டது. அவருக்குப் பின் மகன் கிருஷ்ணமூர்த்தியும், தொடர்ந்து மருத்துவர் சாந்தாவும் நிறுவனத்தை நடத்தினர். சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். புற்றுநோயைப் பற்றிய அச்சமே மக்களைக் காலந்தாழ்த்தச் செய்கிறது என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார்.

இந்தியா போன்ற பெரிய நாட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் மார்பக ஊடுகதிர்ப் படம் எடுப்பது எளிதன்று. கருவியின் விலை அதிகம். படத்தைப் பார்த்து முடிவு கூறும் கதிரியல் மருத்துவர்களும் போதிய அளவில் இல்லை. மேலும் இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அப்படம் அவர்களுக்கு அவ்வளவு தெளிவாக அமைவதில்லை. வேறு வழி உண்டா என்று மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை ஆராய்ந்தது. 1998இல் தொடங்கிய அவ்வாய்வில் அந்நகரின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்கள் பங்குபெற்றனர். பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களுள் ஒரு பாதியினரின் மார்பகங்களைக் கையால் தொட்டுப் பரிசோதித்தனர். அப்பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். பள்ளிக் கல்வி முடித்து, சில வாரப் பயிற்சி பெற்ற பெண்களே.

முடிவுகள் 2021இல் வெளியாயின. பரிசோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தோரிடையே மார்பகப் புற்றால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்தது. ஐம்பது வயதுக்கு உட்பட்டோரிடம் இறப்பில் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் கூறினர். இன்று முப்பது வயதைக் கடந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாய்ப் புற்றையும், பெண்களுக்கு மார்பகப் புற்றையும் கருப்பை வாய்ப் புற்றையும் கண்டறியும் பரிசோதனைகள் அரசின் நலவாழ்வுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. சிற்றூர்களின் நலவாழ்வு நிலையங்களில் செவிலியர்கள் அப்பரிசோதனைகளை மேற்கொள்கின்றனர்.

அடையாற்று நிறுவனத்தில் முற்கூட்டிய பரிசோதனைக்கெனத் தனித் துறை இயங்குகிறது. எந்த நோயும் இல்லாத பெண்கள், எந்த வலியும் உணராத பெண்கள், அங்கே வரிசையில் அமர்ந்து தம் முறைக்காகக் காத்திருக்கின்றனர். பரிசோதனை முடிந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் குறையொன்றும் இல்லை என்ற செய்தியோடு அன்றே வீடு திரும்புகின்றனர்.